லயத்து வீடும் வாடகை வீடும்



இன்று புஞ்சாக் ஆலாம் அடுக்குமாடிகளில் வாடகைக்குக் குடியேறும் நம்மவர் பலருக்குத் தோட்டத்து லயமே பூர்வீகம். லயத்து வீட்டிற்கு வாடகை இல்லை, உரிமையும் இல்லை. வேலை போனால் வீடும் போகும். தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் 1966இல் வந்தது. எனினும் வீடு நிர்வாகத்தினுடையதாகவே இருந்தது. 1990களில் புத்ராஜெயா நகருக்காகச் சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டம் எடுக்கப்பட்டபோது, பாட்டாளிகள் டெங்கில் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர்.

வாடகைக் குடியிருப்பாளரின் நிலை வேறு. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் நீதிமன்றம் செல்லாமல் உரிமையாளர் தாமாக அவரை வெளியேற்ற இயலாது. நம் பாட்டன்மாருக்குக் கிட்டாத பாதுகாப்பு இது. ஆகவே, ஒப்பந்தத்தைப் படித்தறிந்து கையொப்பமிடுங்கள். அதன் நகலைக் கேட்டுப் பெறுங்கள். வீடு நிலைத்தால்தான் பிள்ளையின் பள்ளியும் நிலைக்கும்.