தாழத் தாழத் தெரிந்த பாறைகள்

2000 ஜூலை 15 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் ‘சாம்ப்’ செயற்கைக்கோள் மேலே போனது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் புவியறிவியல் மையம் பெற்ற பிள்ளை. எடை 522 கிலோ. எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், அதில் பாதி முன்னால் நீட்டிய கழி. கழியின் நுனியில் ஒரு காந்தமானி, நடுவில் இன்னொன்று. செயற்கைக்கோளுக்குள் ஓடும் மின்சாரமே அளவைக் கெடுத்துவிடும் என்பதால் கருவிகளைத் தள்ளி வைத்திருந்தார்கள். நடுக் காந்தமானியை ஒட்டி நட்சத்திரம் பார்க்கும் கேமராக்கள். எந்தத் திசையில் அளந்தோம் என்று தெரியாவிட்டால் எண் கிடைத்து என்ன பயன்?

தரையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 30,000 முதல் 60,000 நானோடெஸ்லா வரை இருக்கும். அதில் பெரும்பங்கு ஆழத்தில் உருகிச் சுழலும் இரும்பிலிருந்து வருவது. மேலோட்டுப் பாறைகளின் காந்தமோ, சாம்ப் பறந்த உயரத்தில் பெரும்பாலான இடங்களில் பத்து நானோடெஸ்லாவைக்கூட எட்டாது. கொட்டுமேளத்துக்கு நடுவே கொலுசுச் சத்தம். சூரியன் சீறிக் காந்தப் புயல் கிளப்பினால் சில நூறு நானோடெஸ்லா ஆட்டம் காணும். பகல் வேளையில் திருநெல்வேலிக்கு மேலே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதுவும் குறுக்கே வரும். அதனால் புயல் நாட்களை ஒதுக்கினார்கள். இரவுப் பக்கத்து அளவுகளையே எடுத்தார்கள். கடல் ஓதத்தில் உப்புநீர் அசைந்தால் எழும் ஓரிரு நானோடெஸ்லாவையும் பிரித்தெடுத்துக் கழித்தார்கள்.

எனக்கு நெஞ்சைத் தொடும் கட்டம் இதற்குப் பிறகுதான். 454 கி.மீ. உயரத்தில் தொடங்கிய சாம்பை மெல்லிய காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தது. இடையிடையே உந்தி மேலேற்றினார்கள், மறுபடியும் இறங்கியது. பாறையின் காந்தம் உயரம் கூடக் கூட மங்கும், நுண்மையான விவரங்கள் முதலில் கரையும். ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கமும் ஆயுளைக் குறைத்தது, பார்வையைக் கூர்மையாக்கியது. 2008, 2009-இல் சூரியன் அபூர்வமாக அடங்கிக் கிடந்ததும் சேர்ந்துகொண்டது. ரஷ்யாவின் குர்ஸ்க் இரும்புத்தாது நிலமும், காரணம் இன்னும் விவாதத்திலேயே இருக்கும் மத்திய ஆப்பிரிக்காவின் பாங்கி காந்த முரணும் வரைபடத்தில் பளிச்சென்று எழுந்தன. அந்தக் கடைசி ஆண்டுகளின் அளவுகள் ‘எம்எஃப்7’ என்னும் மேலோட்டு மாதிரிக்குப் போயின.

ஐந்தாண்டு உழைக்க அனுப்பிய சாம்ப் பத்தாண்டு உழைத்துவிட்டு, 2010 செப்டம்பர் 19 அன்று காற்றில் எரிந்தது.

2013 நவம்பர் 22. அதே பிளெசெட்ஸ்கிலிருந்து, அதே வேலைக்காக ‘ஸ்வார்ம்’ செயற்கைக்கோள்கள் மூன்று கிளம்பின. ஒவ்வொன்றுக்கும் நான்கு மீட்டர் கழி, இம்முறை பின்புறம். அவற்றில் இரண்டு தாழ்வாக, பக்கம்பக்கமாகப் பறந்தன: ஒன்று கண்ட பாறையை மற்றொன்று சற்றுத் தள்ளி நின்று பார்க்க.