பந்தல் (புதுக்கோட்டை மாவட்டம்)

பந்தல் என்பது கால்களையும் குறுக்குக் கம்புகளையும் கயிற்றால் பிணைத்து மேலே கூரை வேய்ந்து, வேலை முடிந்ததும் அவிழ்த்து அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்லும் கட்டுமானம். புதுக்கோட்டை மாவட்டத்தில் சவுக்கு, மூங்கில், தென்னங்கீற்று, தகரம், துணி எல்லாம் இதற்குப் பயன்படுகின்றன. பந்தலின் உயிர் கயிற்று முடிச்சில் இருக்கிறது. ஆணி அடித்த கம்பு பிளந்துபோகும். கயிறு சுற்றிய கம்பு முழுசாகத் திரும்பி வரும். கம்பின் நீளத்துக்கு ஏற்பத்தான் கால்களுக்கு இடையிலான தூரமும் அமைகிறது என்பதால், ஒரே சரக்கைக் கொண்டு சிறு நிழலும் போடலாம், பெரும் கூடமும் எழுப்பலாம்.

புதுக்கோட்டை நகரத்தின் பொது இடங்களுக்கு உயிரூட்ட நிரந்தரக் கொட்டகைகளைவிடப் பொதுவில் வைத்துப் பேணும் பந்தல் சரக்கே பொருத்தமானது. இதற்கான சான்று மாவட்டத்தின் கிராமங்களிலேயே உள்ளது. கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய்ப்பணம் திரட்ட ஆடி மாதத்தில் வைக்கும் மொய் விருந்துகளைப் பலர் கூட்டாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். பந்தல் செலவும் பகிரப்படுகிறது. தை பிறந்தால் அதே வகைக் கம்புகள் ஜல்லிக்கட்டுத் திடல்களில் தடுப்பாகவும் பார்வையாளர் மாடமாகவும் நிற்கும். 2019 ஜனவரி 20 அன்று 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்ட விராலிமலைத் திடலைப் போல, சும்மா கிடக்கும் வெளி சில நாள் ஊரின் நடுமன்றமாகிவிடுகிறது. 2024இல் மாநகராட்சியான புதுக்கோட்டை நகரில், சேஷய்ய சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் ஒழுங்குபெற்ற நேர்வீதிகள் இருக்கின்றன. கோடையில் அவற்றுக்கு வேண்டியது நிழல். புத்தகக் கடையும் இசையும் உழவர் விற்பனையும் அந்த நிழலில் மாறி மாறி நடக்கலாம்.

தீயைச் சுட்டிக்காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியின் கீற்றுக் கூரை 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. இந்த இறப்புகளை எந்த மரபின் பெயராலும் கடந்துபோக முடியாது. ஆனால் அங்கே மக்கள் சிக்கியது அடைபட்ட கட்டடங்களின் மேல்தளத்தில். நாற்புறமும் திறந்து தரையில் நிற்கும் பந்தலில் வெளியேறும் வழி எளிது. கீற்றை நீக்கித் தீப்பற்றாத துணியைப் போர்த்துவதும், மின்கம்பியைக் கூரையிலிருந்து விலக்குவதும் கட்டாயமாக வேண்டும். கால் நடத் தோண்டும் குழி தார்ச்சாலையைக் கெடுக்கிறது என்ற புகாரும் உண்மையே. மணல் நிரப்பிய டிரம்மில் காலை நிறுத்திக் குறுக்குக் கயிறு கட்டினால் குழி தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இப்பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அப்படிக் காற்று வலுக்கும்முன் கூரையைக் கழற்றிவிடலாம் என்பது நிரந்தரக் கொட்டகைக்கு இல்லாத, பந்தலுக்கு உள்ள வசதி.