வீடு மாறினால் அம்மை குத்துவது எப்படி? – ஒரு பழைய லண்டன் கணக்கு

1876ஆம் ஆண்டு. கிழக்கு லண்டனில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தில் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் கப்பல்துறையில் அன்றாடக் கூலி. பிறப்பைப் பதியப் போனால் பதிவாளர் கையில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுப்பார். மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு அம்மை குத்தியாக வேண்டும். பொது வாக்சினேட்டர் இன்ன இடத்தில், இன்ன கிழமை, இத்தனை மணிக்கு இருப்பார். குத்திக்கொண்ட பிறகு அடுத்த வாரம் அதே கிழமை குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தவறினால் 20 ஷில்லிங் வரை அபராதம். ஒரு லண்டன் கூலிக்காரரின் ஒரு வார வருமானம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

தாளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. நடுவில் வீடு மாறினால் என்ன செய்வது என்பதை மட்டும் அந்தத் தாய் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இங்கிலாந்தின் கட்டாய அம்மை குத்தல் சட்டம் சுமார் ஐம்பது வருடம் தடுக்கி விழுந்துகொண்டே இருந்த இடங்களில் இதுவும் ஒன்று. சட்டத்தை எதிர்த்தவர்களைப் பற்றி நிறையப் படிக்கக் கிடைக்கிறது. 1885ல் லெஸ்டர் நகரில் அவர்கள் நடத்திய பெரிய ஊர்வலத்தைச் சொல்லாத புத்தகம் இல்லை. எதிர்க்கவும் இல்லாமல், குத்திக்கொள்ளவும் இல்லாமல், சாமானை ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

முதலில் சட்டம். ஜென்னர் 1796ல் மாட்டம்மையை எடுத்து ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற சிறுவனுக்குக் குத்திப் பார்த்த கதை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. 1840ல் இங்கிலாந்தில் அம்மை குத்துவது இலவசமாயிற்று. 1853ல் கட்டாயமாயிற்று. ஆனால் யார் குத்திக்கொண்டார், யார் விட்டுப்போனார் என்று பார்க்க ஆளே போடவில்லை. 1867ல் சட்டத்தை இறுக்கினார்கள், அப்போதும் அதிகாரி நியமனம் அந்தந்தப் பகுதி கார்டியன் வாரியத்தின் விருப்பம்தான். (ஏழைகள் நலச் சட்டத்தின் கீழ் வந்த உள்ளூர் நிர்வாகம் இந்த வாரியம். அதன் எல்லைக்குட்பட்ட பகுதிக்கு யூனியன் என்று பேர்.) பிறகு வந்தது பெரியம்மைக் கொள்ளை. 1871, 1872 ஆகிய இரண்டே வருடங்களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 42,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பயத்தில்தான் 1871ல் ஒவ்வொரு யூனியனிலும் வாக்சினேஷன் அதிகாரி இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. இந்த அதிகாரி டாக்டர் அல்ல, கணக்குப் பார்ப்பவர். அவரிடம் இருந்தது ஊசி அல்ல, ஒரு பேரேடு.

இனி அந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். விஷயமே அதில்தான் இருக்கிறது.

இன்றைக்குத் தடுப்பூசி என்றால் குளிர்பெட்டி, குப்பி, ஊசி. அன்று மருந்து குழந்தைகளின் கையில் இருந்தது, உவமையாகச் சொல்லவில்லை. போன செவ்வாய் குத்திக்கொண்ட குழந்தையின் கையில் எட்டாம் நாள் (குத்திய நாளையும் சேர்த்து) கொப்புளம் நன்றாகத் திரண்டிருக்கும். டாக்டர் அதை லான்செட்டால் மெல்லத் திறந்து, கசியும் தெளிந்த அம்மைப்பாலை எடுத்து, இந்தச் செவ்வாய் வந்திருக்கும் புதுக் குழந்தைகளின் கையில் கீறி ஏற்றுவார். அவர்களில் சிலர் அடுத்த செவ்வாய் வந்து அதற்கடுத்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கைக்குக் கை என்று இந்த முறையைச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்குமே, அதன் மூதாதை இதுதான்.

ஆக, எட்டாம் நாள் வருகைக்கு இரண்டு வேலை. ஒன்று, குத்தியது பலித்ததா என்று பார்த்துச் சான்று எழுதுவது. இரண்டு, அடுத்த அணிக்கு மருந்து எடுப்பது. ஒரு குழந்தை வராமல் போனால் சான்று இல்லை, சான்று இல்லாததால் டாக்டருக்குக் காசும் இல்லை (பலித்த அம்மைக்குத்தான் கட்டணம், 1867 சட்டப்படி குறைந்தது ஒன்றரை ஷில்லிங்). பல குழந்தைகள் வராமல் போனால் அந்த வாரம் மருந்தே தட்டுப்பாடு. கொப்புளத்திலிருந்து எடுக்க மறுத்தாலும் 20 ஷில்லிங் அபராதம் என்று 1871 சட்டத்தில் சேர்த்தார்கள் என்றால், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தாயின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் வேலை கெடும். கையில் ஒன்றல்ல, நாலு இடத்தில் கீறியிருப்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், இரவெல்லாம் அழுகை. எட்டாம் நாள் போனால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணை மறுபடி திறப்பார்கள். ஊரான் பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்ததைத் தன் பிள்ளைக்கு ஏற்றுகிறார்களே என்ற பயம் வேறு. அந்தப் பயம் முழுக்க மூடத்தனமும் அல்ல. கைக்குக் கை முறையில் சிஃபிலிஸ் பரவிய சம்பவங்கள் நிஜமாகவே நடந்திருக்கின்றன.

இந்த நிலையில்தான் வீடு மாறுதல் வருகிறது.

விக்டோரியா கால லண்டன் ஏழைகள் வீடு மாறிக்கொண்டே இருந்தவர்கள். வாடகை வாரக் கணக்கு. வேலை இடம் மாறினால் அறையும் மாறும். இன்னொரு பிள்ளை பிறந்தால் பெரிய அறை, சம்பளம் போனால் சின்ன அறை. வாடகை பாக்கி ஏறிவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் தட்டுமுட்டுச் சாமானைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவதும் சகஜம். சார்ல்ஸ் பூத் 1880களின் கடைசியில் லண்டன் ஏழ்மையைத் தெருத் தெருவாக ஆராய்ந்தபோது, பெத்னல் கிரீன் பகுதியில் ஒரு பள்ளி வருகைக் கண்காணிப்பாளரின் பட்டியலில் இருந்த குடும்பங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஒரே வருடத்தில் வீடு மாறியிருந்தது தெரியவந்தது. பெரும்பாலும் தூரமாகப் போகமாட்டார்கள். பழகிய கடை, பழகிய மனுஷர், கடன் கொடுக்கிற ஆள், எல்லாம் அங்கேயே இருப்பதால் நாலு தெரு தள்ளித்தான் போவார்கள். ஆனால் யூனியன் எல்லை பல இடங்களில் தெரு நடுவிலேயே ஓடியது. எதிர் வரிசைக்கு மாறினால் வேறு அதிகாரி, வேறு பேரேடு, வேறு டாக்டர், வேறு கிழமை.

அதிகாரியின் பேரேட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. பதிவாளர் அவ்வப்போது பிறப்புப் பட்டியலும் சிசு மரணப் பட்டியலும் அனுப்புவார். ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு கட்டத்தில் போய் முடிய வேண்டும். குத்தியது பலித்தது. குத்தியும் பலிக்கவில்லை. குழந்தை குத்துவதற்கு முன்பே இறந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று டாக்டர் தள்ளிவைத்தார் (இந்தச் சீட்டு இரண்டு மாதத்துக்குச் செல்லும், அதற்குள் குடும்பம் எங்கே இருக்குமோ!). இவற்றோடு, வீடு மாறியவர்களுக்கென்றே இரண்டு கட்டங்கள். புது இடம் தெரிந்து அந்தப் பகுதி அதிகாரிக்குத் தகவல் கொடுத்தாயிற்று என்றால் ஒன்று. எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை, ஆள் அகப்படவில்லை என்றால் இன்னொன்று. அரசாங்கத்தின் வருடாந்தர அறிக்கையிலும் இந்தக் கட்டங்கள் அப்படியே அச்சாகும். கடைசியில், தள்ளிவைத்தவர்களையும் காணாமல் போனவர்களையும் கூட்டி, இறுதியாகக் கணக்கில் வராதவர்கள் என்று ஒரு சதவீதம்.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் சஸ்பென்ஸ் கணக்கு ஞாபகம் வரும். இருப்பாய்வு நேராகாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தூக்கி வைக்கிற இடம். பிழை அகப்பட்டதும் அதை மூடிவிட வேண்டும் என்பது விதி. லண்டன் அதிகாரிகளின் சஸ்பென்ஸ் கணக்கோ மூடவே இல்லை. 1870களில் கணக்கில் வராத குழந்தைகளின் விகிதம் நாட்டின் மற்ற பகுதிகளைவிட லண்டனில் அதிகமாகவே இருந்தது.

இதில் உள்ள பெரிய அநியாயம், அந்தக் கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வழியில்லாததுதான். குத்தல் பிடிக்காமல் நழுவியவர், வாடகைக்குப் பயந்து ஓடியவர், புது இடத்தில் போய் ஒழுங்காகக் குத்திக்கொண்டும் சான்று பழைய அதிகாரிக்கு வந்து சேராதவர் – எல்லாருக்கும் ஒரே எழுத்து. தகவல் அனுப்பும் ஏற்பாடு காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பழைய வீட்டுக்காரரிடம் போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அது பயன்படும். பாக்கி வைத்தவர் சொல்லிவிட்டா போவார்?

1874 சட்டம் வரும் வரை, பிறப்பைப் பதியாத பெற்றோருக்குத் தண்டனையும் இல்லை. பதிவதற்கு முன்பே வீடு மாறிய குடும்பத்தின் குழந்தை பேரேட்டில் ஒரு வரியாகக்கூட வராது. கணக்கில் வராதவர்களிலும் கணக்கில் வராதது அது.

இந்தச் சிக்கலை நல்ல பேரேடோ கண்டிப்பான அதிகாரியோ அவிழ்க்கவில்லை. பெரிய பங்கு கிளிசரினுக்கு. கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்த அம்மைப்பாலைக் கிளிசரினில் கலந்து வைத்தால், சில வாரங்களில் அதிலுள்ள மற்ற கிருமிகள் செத்துப்போய், மருந்தின் வீரியம் மட்டும் நிற்கும் என்று மாங்க்டன் கோப்மன் என்ற ஆங்கில மருத்துவர் 1891ல் காட்டினார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். போன வாரத்துக் குழந்தையும் இந்த வாரத்துக் குழந்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டிய அவசியமே போயிற்று.

1898 சட்டத்தை மனசாட்சிப்படி மறுக்க அனுமதி தந்த சட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் இன்னொன்றும் இருந்தது. குழந்தைக்கு நாலு மாதமாகியும் குத்தவில்லை என்றால், குறைந்தது 24 மணி நேரம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு டாக்டரே வீட்டுக்கு வந்து, கிளிசரின் கலந்த கன்று மருந்தைக் குத்த முன்வர வேண்டும். கெடுவையும் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதமாக நீட்டினார்கள். முன்பு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும், இப்போது டாக்டர் படியேறி வர வேண்டும். செலவு கூடியது. குத்திக்கொண்டவர்களின் எண்ணிக்கையும் சில வருடங்களுக்குக் கூடியது. மறுப்பதற்கு வழி திறந்துவிட்ட அதே சட்டத்தால் குத்திக்கொள்பவர்கள் கூடினார்கள் என்பது அன்று பலருக்கு ஆச்சரியம். வேலை நாளை இழக்க முடியாத ஒரு தாய்க்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருந்திருக்காது.

ஆனாலும் வீட்டுக்கு வருவதற்கு ஒரு வீடு வேண்டும். 1901-02ல் லண்டனில் மறுபடி பெரியம்மை வந்தபோது, இரவுக்கு இத்தனை பென்னி என்று படுக்கை வாடகைக்கு விடும் பொதுத் தங்கும் விடுதிகளிலும், ஊர் ஊராக வேலை தேடி நடந்தவர்களிடமும்தான் அது சுலபமாகப் பரவியது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். நோயாளிகளைத் தேம்ஸ் நதியில் படகில் ஏற்றி, நகருக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஆஸ்பத்திரிக் கப்பல்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்று இந்த விடுதி, நாளை அந்த விடுதி என்று இருப்பவருக்கு 24 மணி நேர முன்னறிவிப்பை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

1907ல் மறுப்பது இன்னும் சுலபமாயிற்று. குத்திக்கொள்வோர் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய 1948 ஜூலை 5ஆம் தேதி கட்டாயம் முற்றிலும் நீங்கியது, வாக்சினேஷன் அதிகாரி என்ற பதவியும் அதோடு போயிற்று.

அவர்கள் எழுதிய பேரேடுகள் சில, இங்கிலாந்தின் உள்ளூர் ஆவணக் காப்பகங்களில் இன்னும் இருக்கின்றன. தங்கள் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் வந்து புரட்டுகிறார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் நடுவில் மாறிய வீடுகள் தெரியாது. குடும்பம் எந்த ஊருக்கு, எந்தத் தெருவுக்குப் போனது என்று அந்த அதிகாரி விசாரித்து ஓரத்தில் எழுதி வைத்த ஒரு வரி சில சமயம் அகப்படும். அகப்படாத குடும்பங்களுக்கு, போன இடம் தெரியவில்லை என்ற அதே கட்டம்தான்.