பந்தோடு தொடங்கும் பயிற்சி: மலையகத் தோட்டங்களின் இளையோர் உதைபந்தாட்டம் குறித்து

போட்டிக்காலம் தொடங்குவதற்கு முந்திய சில வாரங்களில் வீரரின் உடலை ஆட்டத்துக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சி பருவமுன் பயிற்சி எனப்படும். அதன் முதல் இரு வாரங்களில் பந்தை ஒதுக்கிவைத்து மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பது பழைய வழக்கம். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைகளுக்கு அவ்வழக்கம் பொருந்தாது. பந்தோடு கூடிய சிறு ஆட்டங்களே அவர்களின் ஆர்வத்தையும் உடற்றகுதியையும் ஒருங்கே வளர்க்க வல்லவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலைப்பிள்ளைகளுக்கு இயல்பிலேயே மூச்சுவலிமை மிகுதி என்ற நம்பிக்கை பயிற்சியாளர்களிடையே பரவலாக உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்களவு குறைவு என்பதும், 1,270 மீட்டர் அளவிலுள்ள ஹட்டனில் அக்குறைவு இன்னும் சிறியது என்பதும் உண்மையே. ஆயினும் அங்கேயே பிறந்து வளர்ந்த உடல் அதற்குப் பழகியிருப்பதால், உயரம் தானாக ஒருவரை ஆட்டக்காரராக்கிவிடாது. உண்மையில் கணக்கிற்கொள்ள வேண்டியது சரிவாகும். லயத்திலிருந்து பாடசாலைக்கு நாள்தோறும் இறங்கி ஏறும் பிள்ளையின் தொடைத்தசை, இறக்கத்தில் நீண்டபடியே சுருங்கி உடலின் எடையைத் தாங்குகிறது. பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலிக்கு இவ்வகைச் சுருக்கமே முதன்மைக் காரணம். ஆகவே அப்பிள்ளை மைதானத்துக்கு வரும்போதே ஒரு பங்கு உழைப்பை முடித்திருக்கிறது. அதன்மேல் மேட்டோட்டம் சுமத்துவது களைப்பையும் சலிப்பையுமே கூட்டும். அப்பிள்ளைக்குக் குறைவாகக் கிட்டுவது சமதளத்தில் திடீரென விரைதல், நின்று திரும்புதல், குதித்து இறங்குதல் ஆகியவற்றுக்கான வாய்ப்பாகும்.

இவ்வாய்ப்பைத் தருவது சிறுகள ஆட்டம், அதாவது பக்கத்துக்கு மூவர் அல்லது நால்வர் சுருங்கிய எல்லைக்குள் ஆடும் ஆட்டம். இம்பெல்லிசேரி முதலான ஆய்வாளர்கள் இளையோர் வீரர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு இடைவெளிவிட்ட ஓட்டமும் மற்றதற்குச் சிறுகள ஆட்டமும் அளித்து, பருவமுன் 4 வாரங்களும் போட்டிக்காலத்தின் 8 வாரங்களும் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உயிர்வளி உள்வாங்கும் திறன் இரு குழுக்களிலும் ஒத்த அளவில் உயர்ந்தது. விளைவு ஒன்றேயெனில் பிள்ளை விரும்பி வரும் வழியைத் தேர்வதே முறை. முழு அளவு மைதானம் அரிதான தோட்டங்களில், தொழிலாளர் காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களமே இதற்குப் போதும். நான்கு நிமிட ஆட்டம், மூன்று நிமிட ஓய்வு என்று நான்கு சுற்றுகள் ஆடலாம். களம் சரிந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கம் மாறுவது கட்டாயம், இல்லையேல் ஒரே அணி மேட்டை நோக்கியே ஆடி ஓயும். பந்து உருண்டு தேயிலை மலைக்குள் இறங்கி நேரம் வீணாகாதிருக்க, கீழ்ப்பக்கத்தில் ஒரு பழைய வலையேனும் கட்டுவது நலம்.

மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஓய்வதில்லை; ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை குறைந்தாலும் குளிர் கடுமையாகும். இக்குளிரில் உடலைச் சூடாக்கும் முன்பயிற்சியைச் சடங்காகக் கருதிச் சுருக்கலாகாது. ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ என்னும் இருபது நிமிட முன்பயிற்சி ஓட்டம், தசைவலு, சமநிலை, குதித்திறங்கல் ஆகியவற்றை இணைக்கிறது. ஒரு பந்தைத் தவிர வேறு கருவி அதற்கு வேண்டியதில்லை. நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான பெண்பிள்ளைகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் இப்பயிற்சியால் கடுமையான காயங்களும் மிகையுழைப்புக் காயங்களும் குறைந்தன. மழை மிகுந்த நாளில் வகுப்பறை விறாந்தையிலும் இதன் பெரும்பகுதியைச் செய்யலாம்.

ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் பெண்பிள்ளைகள் 12 வயதிலும் மிக விரைந்து வளர்கின்றனர். அக்காலத்தில் முழங்காற்சில்லுக்குக் கீழேயும் குதிகாலிலும் எழும் வலியைச் சோம்பலென்று கடிந்துகொள்வது தவறு. அது வளரும் எலும்பின் நுனியைத் தசைநாண் இழுப்பதால் வருவது. பயிற்சி முடிந்ததும், பட்ட கடினத்தை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லும்படி ஒவ்வொருவரையும் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கிக் குறித்துவைப்பது எளிய சுமையளவீடு. அறுபது நிமிடப் பயிற்சிக்கு ‘6’ என்றால் சுமை 360. இவ்வெண் ஒரு வாரத்தில் திடீரென ஏறினால் அடுத்த வாரம் தணிக்க வேண்டும். தம்மைக் கேட்டறிகிறார் ஆசிரியர் என்ற உணர்வே பல பிள்ளைகளைத் தொடர்ந்து வரவைக்கும்.

இவை யாவற்றுக்கும் மேலான தடை உணவாகும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தோர் நாடளாவிய நிலையில் 17 சதவீதமாகவும் தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதமாகவும் இருந்தனர். அன்று அளக்கப்பட்ட தலைமுறையே இன்று இளையோர் அணிகளில் நிற்கிறது. ஒரே வயதுப்பிரிவிலும் உடல்கள் பெரிதும் வேறுபடுவதால், பயிற்சியில் பிறப்புச் சான்றிதழை விடுத்து வளர்ச்சியை நோக்கிக் குழு பிரிப்பதே நியாயம். இன்றேல் சிறிய உடலுள்ள திறமையான பிள்ளை மோதலில் தோற்று ஒதுங்கிவிடும். காலையில் ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீரும் மட்டும் உண்டு மாலையில் களமிறங்கும் பிள்ளையிடம் கூடுதல் ஓட்டம் கேட்பவர், அவ்வோட்டத்தில் கரையும் தசையை எதைக்கொண்டு திருப்பிக் கட்டுவார் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். எனவே நன்கொடையாளர் ஒருவர் அணிக்கு உதவ முன்வரும்போது, ஜேர்சிக்கு முன்பாகப் பயிற்சி நாள்தோறும் ஒரு கிண்ணம் அவித்த கடலையும் ஒரு முட்டையும் கேட்பதே பயிற்சியாளரின் முதற்கடமையாகும்.