நாந்த் நகரமும் நம் நீலத்துணியும்

பிரெஞ்சில் படித்த எங்களுக்கு நாந்த் என்றால் சரித்திரப் புத்தகத்தில் இரண்டு வரிகள்தான். 1598-இல் நான்காம் ஹென்றி அங்கே ஓர் அரசாணையில் கையெழுத்திட்டு, புரொட்டஸ்டன்டு மக்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தார். 1685-இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். பரீட்சைக்கு அது போதும். பணி ஓய்வுக்குப் பிறகு அந்த ஊரை நேரில் பார்த்தபோதுதான் புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கம் தெரிந்தது. அதில் நம் சோழமண்டலக் கரைக்கும் இடம் உண்டு.

நாந்த், லுவார் ஆற்றங்கரையில், கடலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது நகர நடுவே உள்ள பிரபுக்களின் கோட்டை. அடுத்தடுத்து இரண்டு பிரெஞ்சு மன்னர்களை மணந்த ஆன் அரசி 1477-இல் பிறந்தது இங்கேதான். மதில்மேல் நடந்து ஊரைப் பார்க்கலாம். அடுத்தது 1843-இல் திறந்த பொம்மெரே கடைவீதி. கண்ணாடிக் கூரை, நடுவே பெரிய படிக்கட்டு, வரிசையாகச் சிலைகள்.

பிறகு ஃபெய்தோ தீவு. ழூல் வெர்ன் 1828-இல் பிறந்த இடம். பெயர்தான் தீவு, சுற்றியிருந்த ஆற்றுக் கிளைகளை இருபதாம் நூற்றாண்டில் தூர்த்துவிட்டார்கள். இங்குள்ள மாளிகைகள் பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பல் முதலாளிகள் கட்டியவை. சன்னல்களுக்கு மேலே கல்லில் செதுக்கிய முகங்கள் நம்மைக் குனிந்து பார்க்கும்.

இவ்வளவு பணம் எப்படி வந்தது? அடிமை வியாபாரத்தில் பிரான்சின் முதல் துறைமுகம் நாந்த். 1,700-க்கும் மேற்பட்ட பயணங்கள் இங்கிருந்து கிளம்பின. சரக்கோடு ஆப்பிரிக்கா போய், அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கி, கரீபியன் தீவுகளில் விற்று, சர்க்கரையோடு திரும்புவார்கள்.

அந்தச் சரக்கில் முக்கியமானது இந்தியப் பருத்தித் துணி. நம் பக்கத்தில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணிக்கு ஆப்பிரிக்கக் கரையில் நல்ல கிராக்கி. 1686 முதல் 1759 வரை இந்திய அச்சுத் துணிகளை பிரான்சுக்குள் விற்கத் தடை இருந்தது. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பத் தடையில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி, லோரியானுக்கு மாறும் வரை, தன் சரக்கை நாந்தில்தான் ஏலம் விட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் துணிக் கொள்முதல் கணக்குகளைப் படித்தவர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதி தெரியும். மறு பாதி நாந்தில் இருக்கிறது. தறியில் உட்கார்ந்தவருக்கு அந்தத் துணி எதற்கு விலையாகப் போகிறதென்று தெரிந்திருக்க வழியில்லை.

கோட்டை அருங்காட்சியகத்தில் 'மரி செராஃபிக்' என்ற கப்பலின் ஓவியம் உள்ளது. பெயரில் தேவதை, அடித்தளத்தில் அடுக்கி வைத்த மனிதர்கள். 1794-இல் ஒழித்த அடிமை முறையை நெப்போலியன் 1802-இல் மீண்டும் கொண்டுவந்தார். முழுதாக ஒழிந்தது 1848-இல்.

2012-இல் ஃபோஸ் கரையில் நினைவிடம் திறந்தார்கள். நடைபாதையில் சுமார் 2,000 கண்ணாடிப் பலகைகள். பெரும்பாலானவற்றில் கப்பல்களின் பெயர்கள். தன் சொத்தின் மூலத்தை இப்படிக் காலடியில் எழுதி வைக்க ஓர் ஊருக்குத் துணிச்சல் வேண்டும்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க பாரீஸ் போகும் அன்பர்கள், மோம்பர்னாஸ் நிலையத்தில் விரைவு ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே நாந்த் வந்துவிடும். கோட்டையைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரைக்கும் அவசியம் போய் வாருங்கள்.