நெடுந்தீவு

நெடுந்தீவு, இலங்கையின் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையில் அமைந்துள்ள, ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தீவாகும். ஒல்லாந்தர் இதற்கு டெல்ஃப்ட் எனப் பெயரிட்டனர். நெடுந்தீவுக்குச் செல்லக் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும்.

முருகைக்கல், அதாவது பவளப்பாறையிலிருந்து வெட்டப்பட்ட கல், இங்குள்ள கட்டுமானங்களின் முதன்மைப் பொருளாகும். மக்கள் வெடியரசன் கோட்டை என வழங்கும் இடிபாடு உண்மையில் பௌத்தத் தூபிகளின் எச்சம் என ஆய்வாளர் கருதுவர். ஐரோப்பியர் காலக் கோட்டை, தூதுப் புறாக்களுக்கான கூண்டுக் கோபுரம், ஆப்பிரிக்கப் பெருக்குமரம் ஆகியவையும் புகழ்பெற்றவையாயினும், சாந்தின்றி அடுக்கப்பட்ட வேலி மதில்களே தீவின் கைத்திறனைச் சிறப்பாகக் காட்டுகின்றன. தெற்கே, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள ஆதாம் பாலத்தின் இடம்பெயரும் மணல்திட்டுகளில் ஆலா எனும் கடற்பறவைகள் முட்டையிடுகின்றன. நெடுந்தீவின் ஒரு பகுதியும் ஆதாம் பாலமும் 2015-இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன.