மலையடிவாரத்துப் பேராசிரியர்

ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கம் நம் கணியம்பாடி. அந்தப் பக்கம் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி. 2019 வரை இரண்டும் ஒரே வேலூர் மாவட்டம். அந்த உரிமையில்தான் கவிக்கோ அப்துல் ரகுமானை இம்மலரில் நம்மவராகக் கொண்டாடுகிறோம்.

பிறந்தது மதுரையில், 1937இல். தந்தை உருதுக் கவிஞர். தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்த மகன், 1961இல் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரிக்குத் தமிழ் கற்பிக்க வந்தார். துறைத் தலைவராக உயர்ந்து, 1991இல் விருப்ப ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். கவியரங்கங்களில் ஒலித்த குரலைப் பற்றிப் பேசுவோர் இந்த வகுப்பறை ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அவருடைய கவிதைத் தொகுப்புகளான 'பால்வீதி' 1974இலும் 'நேயர் விருப்பம்' 1978இலும் வந்தபோது அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்தான். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளும் புதுக்கவிதையில் குறியீடு. தாம் எழுதிய கவிதை வகையையே ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் தந்தையின் உருது. பணிக்கு வந்த ஊரிலும் தெருவெல்லாம் உருது. ஆகவே தமிழுக்குக் கஜலைக் கொண்டுவரும் வேலை இவருக்கென்றே காத்திருந்தது எனலாம். கஜல் நம் கண்ணிகளைப் போல இரண்டிரண்டு அடிகளாக நடப்பது. ஒவ்வொரு கண்ணியும் தனித்து நின்று பொருள் தரும். மரபான கஜலில் முதல் கண்ணியின் ஈரடியும் ஒரே சொல்லில் முடியும். பிறகு வரும் கண்ணிகளில் இரண்டாம் அடி மட்டும் அந்தச் சொல்லுக்குத் திரும்பும். உருதுக் கவியரங்கமான முஷாயிராவில் அவையோர் அதை எதிர்பார்த்துக் கவிஞரோடு சேர்ந்தே சொல்லிவிடுவார்கள். அடியின் தொடக்கத்தில் எதுகை தேடிப் பழகிய தமிழ்ச் செவிக்கு இது புது விருந்து. 'மின்மினிகளால் ஒரு கடிதம்' தொகுப்பில் அந்த விருந்தைத் தமிழில் படைத்தார். ஜப்பானிய ஹைக்கூவைத் தமிழுக்கு அறிமுகம் செய்த முன்னோடிகளிலும் அவர் ஒருவர்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு பேராசிரியரும் கஜலுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். காஷ்மீரில் வளர்ந்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஆகா ஷாகித் அலி, ஆங்கிலக் கஜல்களைத் திரட்டி 2000இல் ஒரு தொகைநூல் வெளியிட்டார். இலக்கணம் வழுவாத கஜலே கஜல் என்பது அவர் பிடிவாதம்.

'ஆலாபனை' கவிதைத் தொகுப்புக்காக 1999இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. பின்னர் தமிழ்நாடு வக்பு வாரியத் தலைவர் பொறுப்பும் வந்தது. 2017 ஜூன் 2 அன்று கவிக்கோ மறைந்தார். அவருடைய கவியரங்க முழக்கத்தைப் போற்றும் நம் கல்லூரிகள், கஜல் நூலையும் பாடமாக வைக்கலாம். வேலூர், திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகள் அதற்கு முதலில் முன்வரவேண்டும்.